எத்தனை விரல்?

எங்கள் ஏரியாவில் சண்டைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஒண்டிக்கு ஒண்டி. கல், கட்டை, பெல்ட் எதுவும் கூடாது. நடுவில் யாரும் புகுந்து கை வைக்கக் கூடாது. ஒருத்தன் 'போதும்' என்று சொல்லிவிட்டால் விட்டுவிட வேண்டும், மறுநாள் டீக்கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகக் கூடாது. அல்சூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் யாரோ வாங்கிப்போட்டு வீடு கட்டாமல் விட்டிருந்த காலி சைட் ஒன்று, 30 அடிக்கு 40 அடி, அதுதான் களம். பெங்களூரில் இருப்பவர்களுக்கு அந்த அளவு சொன்னவுடனே கண்ணில் வந்துவிடும்.

17 வயதிலிருந்து 22 வரைக்கும் அந்த சைட்டில் நான் போட்ட சண்டை பதினைந்துக்குக் குறையாது. பெரும்பாலும் ஜெயித்தேன். ஏன் சண்டை என்று இப்போது யோசித்தால் பாதிக்குக் காரணமே ஞாபகம் வரவில்லை. கிரிக்கெட்டில் ரன் அவுட், பைக்கை எடுத்துப்போய் பெட்ரோல் போடாமல் விட்டது, யாரோ யாரைப் பற்றியோ சொன்ன ஒரு வார்த்தை. ஆனால் சண்டை எப்படி நடக்கும் என்பது மட்டும் கைக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இடது கை நேராகப் போய் அவன் சட்டைக் காலரைப் பிடிக்கும், வலது கை பின்னால் போய் சுற்றி வந்து முகத்தில் இறங்கும், இரண்டு, மூன்று, நான்கு, அவனும் அதையே எனக்குச் செய்வான், யார் முதலில் கீழே விழுகிறானோ அவன் தோற்றான். எல்லாம் பத்துப் பதினைந்து செகண்டில் முடிந்துவிடும். அதற்குமேல் போனால் இரண்டு பேருக்கும் மூச்சு இருக்காது, ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்போம், யாராவது வந்து பிரித்துவிட மாட்டார்களா என்று இருக்கும்.

எனக்கு இதில் ஒரு பெருமை வேறு இருந்தது. அம்மாவின் அப்பா ராயபுரத்துக்காரர். வடசென்னையில் குத்துச்சண்டை எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று மீனவர்களும் ஹார்பர் தொழிலாளிகளும் பரம்பரை பரம்பரையாக ஆடிய ஆட்டம் அது. 1980-ல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதையும், எம்.ஜி.ஆர். வந்து உட்கார்ந்திருந்ததையும் தாத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், சொல்லும்போது நாற்காலியிலிருந்து எழுந்து தோளை ஆட்டிக் காட்டுவார். அதையெல்லாம் கேட்டு வளர்ந்ததால் நான் செய்வதும் அதுதான் என்று நம்பினேன். என் ரத்தத்தில் இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

2017 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். எதிரில் நின்றவன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், எங்கள் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவன். வாய்த்தகராறு முற்றி சைட்டுக்குப் போனோம். வழக்கம்போலக் காலரைப் பிடித்து இழுத்து அடித்தேன். முதல் அடி அவன் நெற்றியில் பட்டது, என் கைக்குள் ஏதோ 'டக்' என்றது, வலி தெரியவில்லை. இரண்டாவது அடி எங்கே பட்டது என்று எனக்குத் தெரியாது. அவன் பின்னால் சரிந்தான், காலர் என் கையிலிருந்து நழுவியது, அந்த சைட்டின் ஓரத்தில் போட்டிருந்த சைஸ் கல்லில், கட்டடத்துக்கு வெட்டிய கருங்கல்லில், அவன் பின்மண்டை இடித்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

சில செகண்டு அவன் அசையவே இல்லை. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. பையன்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அப்புறம் அவன் இருமினான், எழுந்து உட்கார்ந்தான், வாந்தி எடுத்தான். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். காதுக்குப் பின்னால் மூன்று தையல், மண்டையை ஸ்கேன் எடுத்து ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். பைக்கில் விழுந்தேன் என்று அவனே டாக்டரிடம் சொன்னான். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வார்டு வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது என் கையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

என் கை அதற்குள் பன் மாதிரி வீங்கியிருந்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்து உடைந்திருக்கிறது என்று காட்டினார். அதற்குப் பெயரே 'பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்'. "பேருதான் பாக்ஸர். ஆனா நேரா குத்தத் தெரிஞ்சவன் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டியில குத்துவான். உன்னை மாதிரி சுத்தி அடிக்கிறவங்களுக்குத்தான் சுண்டுவிரல் பக்கம் பட்டு உடையும். நெத்தி எலும்பு எவ்வளவு கெட்டி தெரியுமா?" என்றார். ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் ஏசி மெக்கானிக், ஸ்பேனர் பிடிக்காமல் எனக்குச் சம்பளம் கிடையாது. ஆறு வாரமும் அம்மாவின் காசில்தான் சாப்பிட்டேன்.

அம்மாவுக்கு என் கையைப் பற்றி ஏற்கெனவே பயம் இருந்தது. நாலு மாதம் முன்னால், 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் ஊரில் பஸ்ஸும் லாரியும் எரிந்த அன்றைக்கு, அம்மா என்னை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து என்னை அடித்துவிடுவார்கள் என்று பயந்தாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்த அன்று ராத்திரி சாதம் பிசைந்து ஊட்டும்போது சொன்னாள்: "உன்னை எவனாவது அடிப்பான்னு நான் பயப்படல. நீ எவனையாவது கொன்னுட்டு வந்து நிப்பியோன்னுதான் பயம்." அதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்த வாயை வாங்கிக்கொண்டேன்.

கட்டு பிரித்து இரண்டு வாரம் கழித்து பாக்ஸிங் மாஸ்டரிடம் போனேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலூர்ப் பக்கத்துக்காரர், அல்சூர் ஏரிக்கு அந்தப்புறம் இருக்கும் எம்.இ.ஜி.யில், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸில், ஹவில்தாராக இருந்து ரிடையர் ஆனவர். ராணுவத்தில் அந்தப் படைக்காரர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தப் பழக்கத்தில் அவருக்கு எல்லோரும் தம்பிதான், அறுபது வயதுக்காரரும் தம்பி, பத்து வயதுப் பையனும் தம்பி. ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் தகர ஷெட் போட்டு, குத்திப் பழக இரண்டு பேக், ஒரு பழைய ரிங். மாதம் 500 ரூபாய், இல்லாதவன் கொடுக்க வேண்டாம். இந்திரா நகரில் கண்ணாடிச் சுவர் வைத்த ஜிம்களில் இதே வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், அங்கே உடம்பு குறையும், வியர்வை வரும், அதுவும் நல்லதுதான், ஆனால் எதிரில் ஒரு ஆளை நிறுத்திப் பழகாமல் குத்துச்சண்டை வராது.

தாத்தா கதையையும் என் சண்டைக் கணக்கையும் அவரிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டார். "சரி தம்பி. நில்லு பார்ப்போம்" என்றார். நின்றேன். தோளில் இரண்டு விரலை வைத்து லேசாகத் தள்ளினார், இரண்டு அடி பின்னால் போய்த்தான் என்னால் நிற்க முடிந்தது.

ஒரு மாதம் யாரையும் எதையும் குத்த விடவில்லை. நிற்பது, நகர்வது, இதுதான். இடது கால் முன்னால், வலது கால் பின்னால் ஒரு தோள் அகலத்தில், பின்காலின் குதிகால் தரையில் படக் கூடாது, தாடை கீழே, கை இரண்டும் கன்னத்தில். முன்னால் போக வேண்டுமானால் முன்கால் முதலில், பின்னால் வர வேண்டுமானால் பின்கால் முதலில், கால் குறுக்கே போகவே கூடாது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் முக்கால் மணி நேரம் போய்வர வேண்டும். கெண்டைக்கால் சதை கல்லாகிவிடும். எதிரில் ஆள் இல்லாமல் காற்றில் குத்தும் ஷாடோ பாக்ஸிங் செய்யும்போது அவர் என் பின்னால் வந்து நிற்பார், கை கன்னத்தைவிட்டு ஒரு அங்குலம் இறங்கினால் காதோரம் ஒரு தட்டு.

எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது இடது கை. குத்துச்சண்டையில் வலது கைக்காரனுக்கு இடது கைதான் எல்லாம். ஜாப் என்கிற நேர்க்குத்து அதில்தான் வரும், தூரம் அளப்பது அதில்தான், எதிராளியை நிறுத்தி வைப்பது அதில்தான். ஆனால் என் இடது கைக்கு ஐந்து வருஷமாக ஒரே ஒரு வேலைதான், காலரைப் பிடிப்பது. கிளவுஸுக்குள் இருந்தபடியே அது பிடிக்கத்தான் போனது. விரல் மடங்கும், முழங்கை வெளியே விரியும், இழுக்கும். தெருவில் சண்டை போட்டவனுக்கு பாக்ஸிங் சீக்கிரம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இல்லை. என்னோடு அன்று சேர்ந்த, வாழ்க்கையில் ஒருத்தனையும் கை ஓங்காத ஒரு காலேஜ் பையனுக்கு மூன்று வாரத்தில் நேரான ஜாப் வந்துவிட்டது, எனக்கு நாலு மாதம் ஆயிற்று. அவனுக்குக் கற்றுக்கொள்ளும் வேலை மட்டும்தான், எனக்கு அதற்கு முன்னால் மறக்க வேண்டிய வேலை இருந்தது.

கையில் துணி சுற்றுவதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உடைந்த கைக்கு அதுதான் முதல் மரியாதை. நாலரை மீட்டர் நீளப் பட்டை. கட்டை விரலில் வளையத்தை மாட்டி, கையின் மேற்புறமாகக் கொண்டுபோய் மணிக்கட்டில் மூன்று சுற்று. அங்கிருந்து குறுக்கே ஏறி முட்டிகள்மேல் மூன்று சுற்று, விரலை அகல விரித்து வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும், மூடிக்கொண்டு சுற்றினால் குத்தும்போது ரத்தம் நின்றுவிடும். பிறகு சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே உள்ளே போய் மணிக்கட்டுக்குத் திரும்பி, அடுத்த இடுக்கு, அடுத்த இடுக்கு. கடைசியில் கட்டை விரலை ஒருமுறை பூட்டி, மிச்சத்தையெல்லாம் மணிக்கட்டுக்குக் கொடுத்து ஒட்டிவிட வேண்டும். முதல்முறை மாஸ்டர் எனக்குச் சுற்றிவிட்டபோது அந்த உடைந்த இடத்தில் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார், விரலால் தடவிப் பார்த்தார், எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும், இப்போதும் இருக்கிறது. அங்கே பட்டையை மடித்து ஒரு மெத்தை மாதிரி வைத்துச் சுற்றினார். எப்படி உடைந்தது என்று கேட்கவில்லை.

இரண்டாவது மாதம் பேட் எடுத்தார், கையில் மாட்டிக்கொண்டு குத்தை வாங்கும் மெத்தை. ஒரு கையில் மட்டும் பேட் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையை வெறுமனே தன் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஜாப்" என்றார். குத்தினேன். "எத்தனை விரல்?" என்றார். எனக்குப் புரியவில்லை. "நீ குத்துற நேரத்துல இந்தக் கையில விரல் காட்டினேன். எத்தனை?" மறுபடி குத்தினேன். "எத்தனை?" தெரியவில்லை. "இரண்டு" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். "அஞ்சு" என்றார். பத்துத் தடவை, இருபது தடவை. ஒரு தடவைகூட என்னால் சொல்ல முடியவில்லை. அப்புறம் பேட்டைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார், "நீ கண்ணை மூடுற தம்பி. ஒவ்வொரு குத்துக்கும் மூடுற."

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அதைத் தவிர வேறெதையும் யோசிக்க முடியவில்லை. பதினைந்து சண்டை. ஒரு அடிகூட நான் பார்க்கவில்லை. யார் மூக்கில் பட்டது, யார் வாயில் பட்டது என்று எல்லாம் பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அந்த இரண்டாவது அடி எங்கே பட்டது என்று எனக்குத் தெரியாததற்குக் காரணம் இதுதான். வீரம் என்று நான் வைத்துக்கொண்டிருந்தது முழுக்க பயம். பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எதிரில் இருப்பவன் ஓடிவிடாமல் காலரைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது இது முடியட்டும் என்று கையைச் சுழற்றியிருக்கிறேன்.

கண் மூடுவது உடம்பின் அனிச்சை, முகத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் இமை மூடும், அதை மாற்ற முடியாது என்று நினைத்தேன். முடியும், ஆனால் நாள் ஆகும். ஒரு கயிற்றில் டென்னிஸ் பந்தைக் கட்டி நெற்றிக்கு நேராக ஆடவிட்டு, அது வரும்போது இமைக்காமல் தலையை மட்டும் நகர்த்த வேண்டும். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்க, இன்னொருத்தன் பெரிய கிளவுஸால் மெதுவாக நம் கார்டுமேல் தட்டிக்கொண்டே இருப்பான், நாம் அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முகத்தையும் இல்லை, கையையும் இல்லை, நெஞ்சை. தோள் அசைந்த பிறகுதான் கை வரும், நெஞ்சைப் பார்த்தால் இரண்டு தோளும் தெரியும். ஆகஸ்டு மாதம் ஒரு நாள் "எத்தனை?" என்று கேட்டபோது "மூணு" என்றேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. "ஜாப், கிராஸ்" என்று அடுத்ததுக்குப் போய்விட்டார்.

இதற்கு நடுவே ஓட்டம். விடிகாலை ஐந்தரைக்கு அண்ணாசாமி முதலியார் ரோட்டில் தமிழ்ச் சங்கம் பக்கம் ஆரம்பித்து ஏரிக்கரையோரமாக ஓடுவோம். திருவள்ளுவர் சிலை, 1991-லேயே வைத்து, 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்களே அந்தச் சிலை, அதுதான் எங்களுக்குத் திரும்பும் இடம். தெருச்சண்டையில் மூச்சுக்கு வேலையே இல்லை, முதல் பத்து செகண்டுக்கு உடம்பில் சேமிப்பாக இருக்கும் சக்தியே போதும். மூன்று நிமிஷ ரவுண்டு என்பது வேறு உலகம். முதல் ஸ்பாரிங்கில், அதாவது ரிங்குக்குள் ஆளோடு ஆடும் பயிற்சிச் சண்டையில், சிவாஜி நகர்ப் பையன் ஒருத்தனோடு விட்டார்கள், என்னைவிட ஐந்து கிலோ குறைவு, உருது பேசுகிறவன், அமைதியான பையன். முதல் நாற்பது செகண்டு நான் விடாமல் அடித்தேன், எல்லாம் அவன் கையிலும் காற்றிலும் பட்டது. அப்புறம் என் கையை என்னாலேயே தூக்க முடியவில்லை. பதினாறு அவுன்ஸ் கிளவுஸ் ஒரு கைக்கு அரை கிலோகூட வராது, அன்றைக்கு அரிசி மூட்டை மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவன் இடது கையால் என் வலது விலாவுக்குக் கீழே ஒரு குத்து விட்டான். கல்லீரல் இருக்கும் இடம். பலமான குத்தெல்லாம் இல்லை. ஒரு செகண்டு ஒன்றுமே ஆகவில்லை, சரி, தாங்கிவிட்டோம் என்றுகூட நினைத்தேன், அதற்குப் பிறகு உள்ளே யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி முழங்கால் தானாக மடிந்தது. தலை தெளிவாக இருக்கிறது, எல்லாம் கேட்கிறது, மூச்சு மட்டும் வரவில்லை. கேன்வாஸில் மண்டி போட்டுக் கிடந்தேன். அந்தப் பையன் குனிந்து என் மவுத்கார்டை வெளியே எடுத்துவிட்டு, முதுகில் கை வைத்து, "மெதுவா, பாய், மூக்கால இழு" என்றான். என்னைக் கீழே தள்ளியவன் என் மூச்சுக்காகக் காத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்த காலி சைட்டில் இதை நான் பார்த்ததில்லை.

அமெச்சூர் குத்துச்சண்டையின் விதிகளைப் படித்துப் பார்த்தால், தெருவில் நான் செய்த ஒவ்வொன்றும் ஃபவுல். பிடித்துக்கொண்டு அடிப்பது ஃபவுல். பின்மண்டையில், இடுப்புக்குக் கீழே அடிப்பது ஃபவுல். விழுந்தவனை அடிப்பது ஃபவுல். மூடிய கிளவுஸின் முட்டிப் பகுதி பட வேண்டும், அதுவும் தலையின் முன்புறம் பக்கவாட்டிலோ, இடுப்புக்கு மேலே உடம்பின் முன்புறம் பக்கவாட்டிலோ, அப்போதுதான் அது குத்து. ரெஃபரிக்கு மூன்றே வார்த்தைதான்: ஸ்டாப், பாக்ஸ், பிரேக். பிரேக் என்றால் இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போன பிறகுதான் மறுபடி குத்தலாம். ஒருத்தன் தடுமாறினால், கீழே விழாவிட்டால்கூட, ரெஃபரி நிறுத்தி எட்டு வரை எண்ணி அவன் கண்ணைப் பார்ப்பார். தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவன் குறைந்தது 30 நாள் ரிங்குக்குள் வரவே கூடாது, பயிற்சி ஸ்பாரிங்கும் கூடாது. நாங்கள்? தலையில் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் அடுத்த சண்டைக்கு நின்றிருக்கிறோம். மூளை ஒரு அடியிலிருந்து தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. தெருச்சண்டையில் சாவது பல நேரம் கையால் இல்லை, தரையால். ரிங்கில் கேன்வாஸுக்கு அடியில் மெத்தை போட்டிருப்பது சும்மா இல்லை.

குத்துச்சண்டையே ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. தலையில் வாங்கும் அடி எல்லாம் கணக்கில் சேரும், அதனால்தான் மாஸ்டர் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஸ்பாரிங் விடுவதில்லை, அதிலும் முழு வேகம் மாதத்துக்கு ஒருமுறைதான். ஹெட்கார்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் கிடையாது. 1984-லிருந்து ஒலிம்பிக்கில் இருந்த ஹெட்கார்டைப் பெரியவர்கள் பிரிவு ஆண்களுக்கு 2013-ல் எடுத்துவிட்டார்கள், 2016 ரியோவில் வெறும் தலையோடுதான் ஆடினார்கள். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை ஆடுவதைத் தடுக்காது. தடுப்பது நம் காலும் கண்ணும்தான். சொல்லிக்கொடுக்கும் இடத்தைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: முதல் வாரமே உங்களை ஸ்பாரிங்குக்குத் தள்ளுகிற இடமாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உங்கள் தலைமேல் அவர்களுக்கு அக்கறை இல்லை.

2018 நவம்பரில் முதல் போட்டி. பெரிய போட்டி ஒன்றும் இல்லை, நாலைந்து கிளப் பையன்களைச் சேர்த்து நடத்தியது, புதியவர்களுக்கு மட்டும், ஹெட்கார்டு உண்டு, இரண்டு நிமிஷ ரவுண்டு மூன்று. 64 கிலோ பிரிவு. காலையில் எடை பார்த்தபோது 63.7. டாக்டர் பிரஷர் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், வலது கையை ஒவ்வொரு எலும்பாக அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எதிர்ப்பக்கம் ஒரு கன்னடப் பையன், நீளமான கை, வெளியே பார்த்தபோது பையிலிருந்து வாழைப்பழம் எடுத்து எனக்கும் ஒன்று நீட்டினான். என்னால் அவன்மேல் கோபமே வரவழைக்க முடியவில்லை, முயற்சி செய்து பார்த்தேன். கோபம் இல்லாமல் எப்படி அடிப்பது என்று ஒரு பயம் வந்தது, மாஸ்டரிடம் சொன்னேன். "கோபம் எதுக்கு தம்பி? வேலை இருக்கு, வேலையைப் பாரு" என்றார்.

கயிற்றுக்குள் ஒரு பக்கம் 20 அடி. காலி சைட்டைவிடச் சின்னது, ஆனால் உள்ளே நின்றால் அது பெரிய மைதானம். முதல் ரவுண்டு முழுக்க அவன் ஜாபை என் முகத்திலேயே வைத்திருந்தான். மூலைக்கு வந்து உட்கார்ந்ததும் மாஸ்டர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நெஞ்சைப் பாரு" என்று மட்டும் சொன்னார். இரண்டாவது ரவுண்டின் நடுவில் அது நடந்தது. அவனுடைய இடது தோள் ஒரு நூல் அளவு முன்னால் வந்ததைப் பார்த்தேன். கிளவுஸ் புறப்பட்டு வருவதைப் பார்த்தேன், அதன் சிவப்புத் தோலில் ஒரு இடத்தில் தையல் பிரிந்திருந்தது, அதையும் பார்த்தேன். தலை தானாக வலப்பக்கம் நகர்ந்தது, கை என் காதை உரசிக்கொண்டு போயிற்று, திறந்து கிடந்த அவன் விலாவில் என் இடது கை நேராகப் போய் இறங்கியது. பிடிக்கவில்லை. குத்தியது. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன், மறுபடி அவன் தன்னைச் சரிசெய்துகொண்டு கையைத் தூக்கியதையும் பார்த்தேன்.

தோற்றுவிட்டேன். ஐந்து நடுவர்களில் நாலு பேர் அவனுக்குக் கொடுத்தார்கள். சரியான தீர்ப்புதான், முதல் ரவுண்டும் மூன்றாவது ரவுண்டும் அவனுடையது. ரெஃபரி அவன் கையைத் தூக்கிய பிறகு அவன் வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். மாஸ்டர் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிக்கொண்டே, "இரண்டாவது ரவுண்டு நல்லா இருந்துச்சு" என்றார். ஒன்றரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் வாங்கிய முதல் 'நல்லா இருந்துச்சு'.

அவனும் வந்திருந்தான், காதுக்குப் பின்னால் மூன்று தையல் போட்டவன். இப்போது சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். அந்த ஜனவரிக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம், சாப்பிட வருவான், அம்மா அவனுக்குத்தான் முதலில் தட்டு வைப்பாள், ஆனால் அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை. போட்டி முடிந்து அவன் ஆட்டோவில்தான் வீட்டுக்கு வந்தேன். என் இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது, ஐஸ் வைத்த துணியைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அல்சூர் வந்ததும் சிக்னலில் நின்றது. அவன் பின்மண்டை எனக்கு நேராக இருந்தது, முடி வெட்டியிருந்ததால் அந்தத் தழும்பு தெரிந்தது.

"மச்சா, அன்னைக்கு உன்னை அடிச்சப்ப நான் கண்ணை மூடிட்டு இருந்தேன்டா" என்றேன்.

அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான், "நான் பார்த்துட்டுதான்டா இருந்தேன்."

சிக்னல் விழுந்தது. கியர் போட்டு வண்டியை எடுத்தான்.